நடுவில் நின்ற பிள்ளைக்கு

பொகவந்தலாவை
2025 ஆவணி

அன்பு மகனுக்கு,

நானும் தங்கச்சியும் நலமாக இருக்கிறோம். இங்கே மூன்று நாட்களாக மழை விடவில்லை. கைபேசியில் ஒரு வசனம் கேட்டால் அடுத்த வசனம் கேட்பதில்லை. ஆனால் இதைக் கடிதமாக எழுதுவதற்கு மழை காரணமில்லை. கைபேசியில் கதைத்தால் நீ சத்தமாக வைத்துவிடுவாய், பிள்ளை பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். இது அவள் காதில் விழக்கூடாது. அதனால்தான் தாளில் எழுதி, உறையை ஒட்டி, அடுத்த வாரம் தோஹாவுக்குத் திரும்பும் கீழ் லயத்து வரிசை வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கைபேசியில் நாம் முகம் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தபோது பேத்தி வந்து உன் தோளைத் தொட்டு, “அம்மா சொல்லச் சொன்னாங்க, சாப்பாடு மேசையில இருக்காம்” என்றாள். நீ திரும்பாமலே, “அப்பாவுக்குப் பசியில்லன்னு போய்ச் சொல்லு” என்றாய். நீ உட்கார்ந்திருந்த இடத்துக்கும் சமையலறைக்கும் பத்தடி கூட இராது என்று எனக்குத் தெரியும்; வீட்டைச் சுற்றிக் காட்டியவன் நீதான். பிள்ளை முதலில் உன் முகத்தைப் பார்த்தாள், பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தாள். அதன்பின் அங்கே போய், “அப்பா கொஞ்சம் பொறுத்துச் சாப்பிடுறாராம்” என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. உனக்குக் கேட்டிருக்காது, நீ தீபாவளிக்கு வருவதற்கான விமானச்சீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். நாலரை வயதுப் பிள்ளை, நீ சொன்னதை அப்படியே கொண்டுபோகாமல், அம்மாவுக்கு வலிக்காதபடி வழியிலேயே மாற்றிவிட்டாள்.

இதை மாமியார் எழுதும் புகார்க் கடிதம் என்று எண்ணிவிடாதே. உங்கள் இருவருக்கும் இடையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் எனக்கு உரிமை இல்லை. கணவனும் மனைவியும் கோபித்துக்கொள்ளாத வீடு உலகத்தில் இருக்கிறதா என்ன. நான் எழுத வந்தது உன்னைப் பற்றியும் இல்லை, மருமகளைப் பற்றியும் இல்லை. என்னைப் பற்றி. பேத்தி அன்று செய்த அதே வேலையை நீ எட்டு ஆண்டுகள் எங்களுக்கு நடுவில் நின்று செய்தாய், செய்ய வைத்தவள் நான்.

அப்பாவின் கருமாதி முடிந்த இரவு, உறவுக்காரர்கள் எல்லோரும் போன பிறகு, நீ முன்திண்ணை இஸ்தோப்பில் உட்கார்ந்துகொண்டு, “ஏம்மா நம்ம வீடு அப்படி இருந்துச்சு?” என்று கேட்டாய். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டே, “எல்லா வீடும் அப்படித்தான் மகன்” என்றேன். நீ மறுபடி கேட்கவில்லை. ஆறு ஆண்டுகளாக அந்தப் பதில் எனக்கு உறுத்திக்கொண்டிருக்கிறது. ஏனென்றால் அது பொய். எல்லா வீடும் அப்படி இல்லை. அதை என்னைவிட நன்றாக அறிந்தவர் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாரும் இருக்க முடியாது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைக் காம்பிராவில் இருந்து, தோட்டத்தின் அத்தனை வீட்டுப் பிள்ளைகளையும் காலையில் வாங்கி மாலையில் திருப்பிக் கொடுத்தவள் நான்.

நீ வளர்ந்த காம்பிராவை நினைத்துப் பார். பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் புகை படிந்த குசினி. நடுச்சுவர் கூரைவரைக்கும் போகாது, தகரத்துக்குக் கீழே ஒரு முழ இடைவெளி இருக்கும். அடுத்த வீட்டில் தும்மினால் நாம் “நூறு வயசு” என்போம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வீட்டில் நடப்பது ஊருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஆனாலும் தெரியாதது போல நடந்துகொள்வது நம்முடைய லயத்து மரியாதை. இரவில் எல்லோரும் கேட்டார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் யாரும் எதையும் கேட்கவில்லை. அந்த மரியாதை இல்லாவிட்டால் அவ்வளவு நெருக்கத்தில் மனிதர் வாழ முடியாது என்பது உண்மைதான். ஆனால் அதே மரியாதை நம் சொந்தக் காம்பிராவுக்குள்ளேயும் வந்துவிட்டது. நடந்ததை நடந்தது என்று சொல்லாமல் நாம் நால்வரும் ஒருவருக்கொருவர் அயல்வீட்டுக்காரர் போல இருந்தோம்.

உன் அப்பா சம்பள நாளன்று குடித்துவிட்டு வருவார். சில மாதங்களில் அது நான்கு நாள் நீளும். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் இரவு வேலை செய்த மனிதர். உடம்பு அலுப்புக்கு என்று தொடங்கியது அது. அவருடைய அப்பாவும் குடித்தவர்தான். அந்தக் காலத்தில் மனைவியின் சம்பளத்தையும் கணவனே போய் வாங்கிக்கொள்வது வழக்கமாக இருந்ததால், பாட்டி மலையில் முதுகு வளைத்து எடுத்த கொழுந்துக்கான காசில் பாதி தவறணையில் முடிந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று ஆனதே 1984இல்தான், எனக்குக் கல்யாணம் ஆவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு. இவற்றையெல்லாம் சொல்லி அவருடைய குடியை நான் நியாயப்படுத்தவில்லை. அவர் குடித்தது தவறு, அந்தக் காசு உன் சப்பாத்துக்கும் தங்கச்சியின் பாலுக்கும் வந்திருக்க வேண்டிய காசு. இது உனக்குத் தெரியும், லயத்துக்கும் தெரியும்.

தெரியாதது, அல்லது தெரிந்தும் ஒருவரும் சொல்லாதது, நான் செய்தது. அவர் சத்தம் போட்டு ஓய்ந்த மறுநாளிலிருந்து நான் பேசமாட்டேன். சமைப்பேன், துணி துவைப்பேன், விளக்கு வைப்பேன், ஆனால் அவரோடு ஒரு சொல் பேசமாட்டேன். ஒருமுறை பதினேழு நாள் அப்படி இருந்தேன். எண்ணிக்கொண்டே இருந்தேன் என்பதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. “டீச்சர் வீட்டுல பொம்பள குரலே கேக்காது, எவ்வளவு பொறுமை” என்று லயத்தில் சொல்வார்கள். அது பொறுமை இல்லை மகன். கையில் வேறு ஆயுதம் இல்லாத ஒருத்தி எடுத்துக்கொண்ட ஆயுதம் அது. அது அவரைக் குத்தும் என்று நினைத்துத்தான் எடுத்தேன். அந்தப் பத்தடி அறைக்குள் அது யார் யாரைக் குத்தும் என்று யோசிக்கவில்லை. அப்பாவின் சத்தம் லயம் முழுக்கக் கேட்டது. என் மௌனம் உனக்கும் தங்கச்சிக்கும் மட்டும்தான் கேட்டது.

அந்த நாட்களில்தான் நீ தூது போனாய். “அப்பாகிட்ட மண்ணெண்ணெய் தீந்துபோச்சுன்னு சொல்லு.” “உங்கம்மாகிட்ட என் சட்ட எங்கன்னு கேளு.” உனக்கு ஐந்து வயது. முதலில் சொன்னதை அப்படியே கொண்டுபோனாய். பிறகு மாற்றத் தொடங்கினாய். அப்பா ஒருநாள், “அந்தப் பிசாசு சோறாக்கிச்சான்னு கேட்டு வா” என்றது குசினியில் இருந்த எனக்கு நன்றாகக் கேட்டது. நீ உள்ளே வந்து, “அம்மா, அப்பாவுக்குப் பசிக்குதாம்” என்றாய். ஏழு வயது உனக்கு அப்போது. எனக்கு அது கேட்டது என்று உனக்குத் தெரியாது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? “என் பிள்ளைக்கு எவ்வளவு புத்தி” என்று பெருமைப்பட்டேன். அந்த இடத்தில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய், “என்னிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள், பிள்ளையை விடுங்கள்” என்று நான் சொல்லியிருந்தால், நம் வீட்டுக் கதை அன்றே வேறு பக்கம் திரும்பியிருக்கும். அதைச் சொல்வதற்கு நான் அவரோடு பேச வேண்டியிருந்தது. அதற்குத்தான் மனம் வரவில்லை.

தூது மட்டும் இல்லை, பூட்டையும் உன் கையில் கொடுத்தேன். அரிசித் தகரத்தின் அடியில் சீட்டுக்காசு இருப்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். “அப்பாகிட்ட சொல்லிராத” என்று உன்னைச் சத்தியம் செய்ய வைத்தேன். அப்பாவோ ஹட்டனில் உனக்கு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் தவறணைக்குப் போனதை, “அம்மாகிட்ட சொல்லிராத” என்பார். இரண்டு பேருடைய இரகசியத்தையும் வயிற்றில் வைத்துக்கொண்டு நீ பாடசாலைக்குப் போனாய். மூன்றாம் வகுப்பில் உனக்கு அடிக்கடி வயிற்றுவலி வந்தது, தோட்டத்து டிஸ்பென்சரியில் பூச்சிமருந்து கொடுத்தார்கள். பூச்சியாகவும் இருந்திருக்கலாம். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை.

தங்கச்சி வேறு வழி கண்டுபிடித்தாள். சத்தம் தொடங்கினால் அவள் தூங்கிவிடுவாள். உண்மையிலேயே தூங்கிவிடுவாள், நடிப்பு இல்லை. “இது சமத்துப் பிள்ளை, ஒரு தொந்தரவும் இல்லை” என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அவளுக்கு முப்பத்திரண்டு வயது. வேலை செய்யும் இடத்தில் யாராவது குரலை உயர்த்தினால் கண் சொருகுகிறது என்று போன மாதம் என்னிடம் சொன்னாள். உங்கள் இருவரையும் நான் ஒரே அளவில் சோறு போட்டு வளர்த்தேன். ஆனால் வீட்டின் பாரத்தை ஆளுக்கொரு விதமாகப் பிரித்து ஏற்றியிருக்கிறேன். ஒருவன் எல்லாவற்றையும் தாங்க வேண்டும், ஒருத்தி எங்கும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று.

நம் குசினி அடுப்பு நினைவிருக்கிறதா? மூன்று கல். இரண்டு கல் மேல் சட்டி நிற்காது, கவிழ்ந்துவிடும், மூன்றாவது கல் வேண்டும். கணவன் மனைவிக்கு இடையில் பதற்றம் கூடும்போது, இரண்டு பேராகத் தாங்க முடியாமல், மூன்றாவது ஒருவரை உள்ளே இழுத்துச் சமநிலை தேடுவார்கள் என்பதை அமெரிக்க மனநல மருத்துவர் மரே போவன் குடும்பங்களை ஆராய்ந்து முக்கோணம் என்ற பெயரில் எழுதியிருக்கிறார் என்று, பிள்ளைக் காம்பிரா வேலைக்கு எங்களுக்குப் பயிற்சி தந்த அம்மையார் சொன்னபோது எனக்கு இந்த அடுப்புதான் நினைவுக்கு வந்தது. சட்டி நிற்கிறது, சோறும் வேகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மூன்றாவது கல்லும் அதே நெருப்பில்தான் இருக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

பிள்ளைக் காம்பிராவில் இருந்து நான் கற்றது ஒன்றைச் சொல்கிறேன். எந்தப் பயிற்சியிலும் அது சொல்லித் தரப்படவில்லை. மாலை நான்கரை மணிக்குத் தாய்மார் மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்க்காமலேயே வாசலுக்கு வருவார்கள். அந்த ஒரு நிமிடத்தில் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்தால் வீடு தெரிந்துவிடும். சில பிள்ளைகள் தாயைக் கண்டவுடன் ஓடிப்போய்ப் புகார் சொல்லும். “டீச்சர் பால் குடிக்கச் சொல்லி ஏசினாங்க, அவன் என் காரை எடுத்துட்டான், முழங்கால் உரசிருச்சு” என்று மூச்சுவிடாமல் சொல்லி, பகல் முழுக்க வராத அழுகையை அப்போது அழும். இளம் தாய்மார் இதைப் பார்த்து, பிள்ளை இங்கே வதைபடுகிறது என்று பயந்துவிடுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. கஷ்டத்தைக் கொண்டுபோய்க் கொட்ட இடமிருக்கிறது என்று அறிந்த பிள்ளை அது. இன்னும் சில பிள்ளைகள் ஓடாது. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, வருகிறவளின் முகத்தை முதலில் பார்க்கும். இன்றைக்கு எப்படிப்பட்ட நாள் என்று முகத்தில் படித்துவிட்டு, அதற்கு ஏற்றபடி சிரிக்கும், அல்லது பேசாமல் செருப்பை மாட்டும். அழவே அழாது. பார்வையிட வரும் அதிகாரிகள் இந்தப் பிள்ளைகளைத்தான் ஒழுக்கமான பிள்ளைகள் என்று பாராட்டுவார்கள்.

நீ தூணைப் பிடித்து நின்ற பிள்ளை. நானே டீச்சர், நானே தாய், ஆகவே பகல் முழுக்க என் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தாய். போன ஞாயிறு பேத்தி உன் முகத்தைப் படித்ததைப் பார்த்தபோது என் அடிவயிறு கலங்கியதற்கு இதுதான் காரணம்.

நீ ஆறாம் வகுப்பில் படித்த ஆண்டு என்று நினைக்கிறேன், ஹட்டனில் எங்களுக்கு ஐந்து நாள் பயிற்சி வைத்தார்கள். அதில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் செய்த ஒரு பரிசோதனையை விளக்கினார்கள். ஒரு தாய் கைக்குழந்தையோடு வழக்கம்போலக் கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு, சொன்னபடி, சில நிமிடம் முகத்தை அசையாமல் கல்லைப் போல வைத்துக்கொண்டு குழந்தையைப் பார்க்கிறாள். அடிக்கவில்லை, திட்டவில்லை, விட்டுப்போகவும் இல்லை. குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கை நீட்டுகிறது, சத்தம் எழுப்புகிறது. ஒன்றும் பலிக்காதபோது உடல் சோர்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். என் பதினேழு நாள் எனக்கு அப்போதுதான் வேறு மாதிரித் தெரிந்தது.

திரும்பி வந்தபோது அந்த அம்மையார் இன்னொன்றையும் சொன்னார், நான் முழுதாக விளங்கிக்கொள்ளப் பல ஆண்டுகள் எடுத்தது. நல்ல தாயும் பிள்ளையும் எந்நேரமும் இசைந்து இருப்பார்கள் என்று நாம் நினைக்கிறோம். ட்ரோனிக் அளந்து பார்த்தபோது, நன்றாக இருக்கும் தாய்-பிள்ளை இணைகள்கூட நேரத்தில் ஏறத்தாழ 30 வீதம்தான் ஒருவரோடொருவர் இசைந்திருந்தார்கள். மீதி நேரமெல்லாம் விலகுவதும், மீண்டும் வந்து சேருவதும்தான். அந்த மீண்டும் சேருதலில்தான் பிள்ளைக்கு நம்பிக்கை பிறக்கிறது, “உடைந்தாலும் ஒட்டும்” என்று. ஆகவே, சண்டை போடாத குடும்பம் நல்ல குடும்பம் என்று நான் இனி யாரிடமும் சொல்லமாட்டேன்.

நம் லயத்தில் மூன்றாம் காம்பிராவில் இருந்த தாத்தா-ஆத்தா வீட்டை நீ மறந்திருக்கமாட்டாய். அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, பசியில்லை என்பாயே. அந்த வீட்டில் நாள்தோறும் சண்டை. உப்புக்குச் சண்டை, ஆட்டுக்குட்டிக்குச் சண்டை, கோயில் வரிக்குச் சண்டை. இரண்டு பேரும் முகத்துக்கு நேரே கத்துவார்கள், பிள்ளைகளும் நடுவில் புகுந்து, “ரெண்டு பேரும் வாய மூடுங்க” என்று கத்தும். ஆனால் சோறு வேகும்போது யாராவது ஒருவர், “சரி, நான் சொன்னது தப்புத்தான், வா” என்பது சுவர் வழியாக நமக்கும் கேட்கும். அந்தச் சொல்லை நம் வீட்டில் நாம் நால்வரில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. நீ அந்த வீட்டுக்குப் போனது சோற்றுக்காக என்று நான் நினைத்து வருத்தப்பட்டேன். அந்தச் சத்தத்துக்காகப் போயிருக்கிறாய் என்று இப்போது நினைக்கிறேன்.

உன் அப்பா அந்தச் சொல்லைச் சொல்லத் தெரியாதவர். ஆனால் அவர் வேறொன்று செய்வார். குடித்த மறுநாள் விடியற்காலை எழுந்து, தானே அடுப்பு மூட்டி, வெறுந்தேத்தண்ணி ஊற்றி, ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியோடு நான் படுத்திருக்கும் இடத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போவார். நான் அதைத் தொடமாட்டேன். அது அப்படியே ஆறி, ஆடை படிந்து இருக்கும். நீ பாடசாலைக்குப் புறப்படும் முன் அதை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்னால் கானில் ஊற்றிவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்ப்பாய், அவர் வரும்போது வெறுங்கோப்பை தெரிய வேண்டும் என்று. அதுவும் தூதுதான், ஒரு பேச்சும் இல்லாத தூது. அவர் நான் குடித்ததாக நினைத்தாரா, தெரியாது. அவர் ஒட்ட வைக்கப் பார்த்த அத்தனை முறையும் நான் தள்ளிவிட்டேன் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்வது தவறாகிவிடும். அப்பா இரண்டு முறை என்மேல் கை வைத்தார். ஒன்றை நீ பார்த்தாய். மற்றதை, படியில் வழுக்கி விழுந்தேன் என்று உங்களிடம் சொன்னேன். அந்த இரண்டு முறைக்கும் நான் தேத்தண்ணியைக் குடித்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கோபமும் கோணலும் உள்ள வீடு வேறு, பயம் உள்ள வீடு வேறு. பயமுள்ள இடத்தில் சமாதானம் பேசச் சொல்வது அடிபட்டவளை இன்னொரு முறை அடிப்பதற்குச் சமம். நான் அடிபட்ட காலத்தில், “புருஷன் பொஞ்சாதி சண்டை” என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல்தான் வந்தது, அதன்படி நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்பதை எங்கள் பக்கத்துப் பெண்கள் அறிந்துகொள்ள இன்னும் சில ஆண்டுகள் ஆயின. இப்போது என்னிடம் வரும் இளம் பெண்களுக்கு 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை எழுதிக் கொடுக்கிறேன். பிள்ளை மேல் காயம் இருந்தால் 1929. “பொறுத்துக்கொள்” என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. எனக்குச் சொன்னவர்கள் நல்லவர்கள்தான், என் தாய் உட்பட.

என் தாய் என்றவுடன் பெரியப்பா நினைவு வருகிறது. இலங்கைப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் கைச்சாத்தாகி, நம் இந்திய வம்சாவளி மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று தலையை எண்ணிப் பிரித்தார்களே, அந்தப் பிரிவில் எங்கள் குடும்பமும் இரண்டானது. பெரியப்பா புறப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. ஆட்களை ஏற்றிப்போன அந்த ரயிலை அழுகைக் கோச்சி என்று அந்தக் காலத்தவர் சொல்வார்கள்; அதில் அவரை ஏற்றித் தலைமன்னாருக்கு அனுப்பிவைத்தோம், அங்கிருந்து இராமேஸ்வரம், பிறகு நீலகிரிப் பக்கம் கூடலூர். என் அம்மா கடைசிவரை பெரியப்பாமேல் கோபமாக இருந்தார், பாட்டியின் அட்டியலை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று. அந்தக் கோபத்தை நீல வான்கடிதத்தில் என்னை வைத்து அப்படியே எழுதுவார், “நீங்கள் செய்தது அநியாயம்” என்று. பெரியப்பா, “அநியாயந்தான், மாத்திரைக்கு விற்றேன், மன்னித்துக்கொள்” என்று பதில் எழுதினார். அந்தக் கடிதத்தை இஸ்தோப்பில் எல்லோருக்கும் கேட்கும்படி நான்தான் வாசித்தேன். கடல் கடந்து பிரிக்கப்பட்டும் அவர்கள் இறுதிவரை உறவாகவே இருந்தார்கள். நாம் நால்வரும் ஒரே பாயில் கால் நீட்டிப் படுத்தோம். நடுவில் கடல் இருந்தது. பிரிந்திருப்பதால் குடும்பம் கெடுவதில்லை என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டாம். நீ தூரத்தில் இருப்பதால் நான் வருந்துகிறேன் என்று நீ நினைக்கிறாய், ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்கிறாய். கேட்க வேண்டாம். தூரத்தைப் பற்றி எனக்குக் குறையில்லை.

அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்து, பிழைத்து, 2011இல் குடியை விட்ட பிறகு எட்டு ஆண்டுகள் நாங்கள் இருவரும் தனியாக இருந்தோம். அப்போதுதான் நான் ஒன்றைப் பழகினேன். பழைய பழக்கம் ஒரே நாளில் போகாது, வாய் தானாகவே மூடிக்கொள்ளும். ஆகவே மூடுவதற்கு முன், “எனக்கு இப்போது கோபம், இன்றைக்கு என்னால் கதைக்க முடியாது, நாளை விளக்கு வைத்த பிறகு கதைக்கிறேன்” என்று சொல்லிவிடுவேன். முதல் முறை சொன்னபோது அவர், டீச்சருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பதுபோலப் பார்த்தார். மறுநாள் விளக்கு வைத்ததும் தானே வந்து எதிரே உட்கார்ந்தார். பதினேழு நாள் ஒரு நாளானது. எப்போதும் வெற்றி என்று சொல்லமாட்டேன். இரண்டு தடவை விளக்கையும் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். கடைசி இரண்டு ஆண்டுகளில் அவர் ஊற்றிவைத்த தேத்தண்ணியைச் சூடாகவே குடித்தேன். சீனி எப்போதும் கூட. அதையும் சொன்னேன், அவரும் குறைக்கவில்லை.

இந்த எட்டு ஆண்டுகளை நீயும் தங்கச்சியும் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தது முதல் பாதியைத்தான். அதனால்தான் நீ உன் வீட்டில், கத்தக்கூடாது என்று மட்டும் உறுதி எடுத்திருக்கிறாய் என நினைக்கிறேன். நீ ஒரு சொட்டுக் குடிப்பதில்லை, குரலை உயர்த்துவதில்லை, எல்லோரும் உன்னைப் புகழ்கிறார்கள். அப்பாவைப் போல ஆகக்கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்தவன், என்னைப் போல ஆகிக்கொண்டிருப்பதைக் கவனிக்கவில்லை. என்னைப் பற்றி உனக்கு யாரும் எச்சரிக்கை செய்யவில்லையே. ஆகவே நானே செய்கிறேன்.

நீ இருந்த இடம் உனக்கு உரிய இடம் இல்லை. அந்த இடத்தில் உன்னை நிறுத்தியது என் தவறு. “எல்லா வீடும் அப்படித்தான்” என்று அன்று சொன்னதும் தவறு. இதற்கு நீ ஆறுதல் சொல்லிப் பதில் எழுத வேண்டியதில்லை. “பரவாயில்லம்மா” என்று நீ சொல்வாய் என்று எனக்குத் தெரியும், அது நீ ஏழு வயதில் கற்ற பேச்சு. கோபம் இருந்தால் கோபத்தை எழுது. வாசிக்கும் வயது எனக்கு இன்னும் இருக்கிறது.

தங்கச்சி கூரைக்குப் புதுத் தகரம் இரண்டு வாங்கியிருக்கிறாள், மழை விட்டதும் ஆள் வரும். நீ அனுப்பிய காசில் மீதி இருக்கிறது, புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறேன், தங்கச்சியும் பார்த்தாள்.

மருமகளுக்கு நான் எழுதிய கடிதம் இந்த உறைக்குள் இல்லை. அதைத் தனியாக ஒட்டி, அவள் பெயர் எழுதி, அதே பையனிடம் கொடுத்திருக்கிறேன். அவள் கேட்டிருந்த எலுமிச்சை ஊறுகாய்ப் பக்குவமும் வேறு சிலதும் அதில் இருக்கின்றன. அவளுக்குச் சொல்ல வேண்டியதை உன்னிடம் சொல்லி அனுப்பப் போவதில்லை. இரண்டு உறைகளையும் பேத்தியின் கையில் கொடுக்க வேண்டாம், உரியவர்களின் கையிலேயே கொடு என்று பையனிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். பேத்திக்கு ஒரு பெட்டி வண்ணப் பென்சில் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா